மூங்கில் படம்

கௌசி கதிரையில் ஏறி நின்று மூங்கில் படத்தை ஆணியிலிருந்து கழற்றும்போது, கட்டிலில் கிடந்த அவள் புருசன் சச்சிதானந்தன் கண்ணைத் திறந்துவிட்டார்.

"உதை ஏன் கழட்டுறீர்?"

"தூசி தட்டப்போறன்."

"பயமோ?"

பயம்தான். இன்றோ நாளையோ என்று காலையில் வந்த நேர்ஸ் மகள் நிலாணியிடம் சொன்னதைக் குசினி அடுப்படியில் நின்று கேட்டிருந்தாள். அதன் பிறகு அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நீளமாக இரண்டு மூங்கில், குறுக்கே சில கிளைகள். அவளுக்கு அது பாடையாகவே தெரிந்தது. பாடைக்கு வெட்டுகிற மரத்தை எவராவது தன் கட்டிலுக்கு நேரே மாட்டுவாரா? யூனியன்வில்லில் அவர் படம் கீறப் போன சனிக்கிழமை வகுப்பில் சீன ரீச்சர் பிளம் பூ, ஓர்க்கிட், செவ்வந்தி எல்லாம்தான் கறுப்பு மையில் கீறப் பழக்கினார். இந்த மனுசனுக்கு மூங்கில்தான் பிடித்தது; தானே கீறிக் கொண்டுவந்து இங்கே மாட்டிவிட்டார்.

"கொழுவிவிடும், கௌசி. நான் பாக்கவேணும்."

திரும்பவும் ஆணியில் மாட்டினாள். மறுத்தால் அதனாலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று அதற்கும் பயம்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கணு வந்ததும் பிறஷைத் தாளிலையிருந்து எடுக்கவேணும். கொஞ்சம் வெள்ளை விட்டிட்டு, பிறகு மேலை இழுக்கவேணும். முடிஞ்சுது எண்டு நினைக்கக்கூடாது."

இவ்வளவு சொன்னதிலேயே களைத்துக் கண்ணை மூடினார்.

பின்னேரம் பனி கொட்டத் தொடங்கியபோது மூச்சு மாறியது. இழுத்தது, நின்றது. கௌசி "இஞ்சேருங்கோ" என்று தோளைத் தொடுவதற்குள் மறுபடி இழுத்தது. பிறகும் அப்படியே, ஒவ்வொரு தடவையும் இடைவெளி நீண்டுகொண்டு போனது. அவள் படத்தைப் பார்த்தாள். கணுவுக்குக் கணு வெள்ளை. எந்த வெள்ளையிலும் மூங்கில் முடிந்துவிடவில்லை. அதைப் பார்க்கக் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

இன்னொரு மூச்சு நின்றது.

நிலாணி தேத்தண்ணியோடு வாசலுக்கு வந்தவள், தகப்பனின் நெஞ்சைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

"அம்மா... அப்பா மூச்சு விடேல்லை."

"சத்தம் போடாதை பிள்ளை." கௌசி கையை மட்டும் உயர்த்தினாள். கண்ணைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. "கணுவிலை நிக்கிறார்."

நிலாணியின் கையில் பால் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டத் தொடங்கியது.