மூன்றாவது குட்டி

என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து தார்ப்பாயை இறக்கி வாசலில் உதறப் போனார். உள்ளே ஏதோ கீச்சென்றது. எலியென்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடினேன். மடிப்புக்குள் மூன்று பூனைக்குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. பெருமாள்மலைக் குளிரில் மூன்றும் வெடவெடவென்று நடுங்கின.

அவர் பேர் வேல்ராஜ். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். காரட், பூண்டு ஏற்றிக்கொண்டு பழனி மார்க்கெட்டுக்கு இறங்குவார். திரும்பும்போது தேங்காய், வாழைத்தார். இடையில் டீக்கு நிறுத்துவார், பேச்சுக்கு நிறுத்துவார். எந்த இடத்தில் ஒரு தாய் தன் குட்டிகளைக் கொண்டுவந்து தார்ப்பாய்க்குள் பத்திரப்படுத்தியது என்று அந்த மகராசனுக்குத் தெரியவில்லை.

"ஏங்க, தாய் தேடித் தவிச்சுக் கெடக்குமே. நாளைக்கு வெள்ளனே கொண்டு போயி விட்டுருங்க."

"எங்கன்னு விட? முதல்ல தாயக் கண்டுபிடிக்கேன். அதுவரைக்கும் நீ பாத்துக்க, வள்ளி."

எனக்கு வேறு சோலியே இல்லை என்று அவருக்கு நினைப்பு. தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் ஒரு கூடை கிடந்தன.

எங்கள் மலையில் குளிரில் வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் சூடாக எதையாவது கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. அதே பழக்கத்தில் பாலைச் சுடவைத்து, மருந்து ஃபில்லரால் சின்னக் குட்டியின் வாயில் விட்டேன். புகை நிறத்தில் இருந்த குட்டி அது. பால் மூக்கு வழியாக வந்தது. தலை தொங்கிவிட்டது. மதுரையில் நர்ஸிங் படிக்கும் மகள் சுகன்யாவுக்கு போன் போட்டேன்.

"அம்மா! மொதல்ல ஒடம்பு சூடாகணும், அப்புறந்தான் பாலு. குளுந்த வயித்துல பால் செரிக்காதும்மா. மல்லாக்கப் போட்டுக் கொடுக்காத, குப்புற வச்சுக் கொடு. மாட்டுப்பால் ஆகாது!" என்று அங்கிருந்து கத்தினாள். பெற்று வளர்த்தவளுக்கே பாடம்.

அவர் பரணில் ஒளித்து வைத்திருந்த காலி குவார்ட்டர் பாட்டில்கள் அன்றைக்குத்தான் ஒரு நல்ல காரியத்துக்கு உதவின. வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் குட்டிகளைச் சுற்றி அடுக்கினேன். ஒரு மணி நேரம் கழித்துப் புகைக்குட்டி கால் அசைத்தது.

அதன் பிறகு நாட்களுக்கு ஓரம் இல்லாமல் போனது. இரண்டு மணிக்கொரு தடவை ஆட்டுப்பால். பிறகு ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் மூத்திரம் போகும். தாய் நக்கிவிடுகிற வேலை அது. உட்கார்ந்தபடியே தூங்கினேன். மேகம் எப்போது வேண்டுமானாலும் ஜன்னல் வழியாக வந்து பெட்டியைச் சுற்றி நிற்கும். தையல் மெஷின் மறையும், சுவர் மறையும், என் கையும் மூன்று சின்ன வயிறுகளும் மட்டும் மிச்சம் இருக்கும். காலையா சாயங்காலமா என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றாது. கனவில்கூடப் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். விழித்துப் பார்த்தால் நிஜமாகவே ஆற்றிக்கொண்டிருப்பேன்.

தினமும் அவர் வந்ததும் முதல் கேள்வி ஒன்றுதான். "தாயப் பாத்தீகளா?"

"இல்ல வள்ளி."

முதல் வாரம் அந்தப் பதிலுக்கு நன்றாகத் திட்டினேன். எட்டாம் நாள் குட்டிகள் கண் திறந்தன. மேகத்தில் நீலம் கலந்த மாதிரி ஒரு நிறம். அந்தக் கண்கள் முதலில் பார்த்த முகம் என் முகம். அதற்குப் பிறகும் அதே கேள்வியைக் கேட்டேன், அதே மாதிரி திட்டினேன். ஆனால் அவர் "இல்ல" என்று சொல்லும்போது மனசு குளிர்ந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"கண்டுபிடிச்சுட்டேன். தேங்காக்கடை சேனாதிபதி அண்ணன் ஊருக்குப் போயிருந்தவரு இன்னைக்குத்தான் கடையத் தொறந்தாரு. அன்னைக்கு நான் வண்டிய எடுக்கயில, நாலாவது குட்டிய வாயில கவ்விக்கிட்டு அந்தப் பூன ஓடியாந்துச்சாம். மார்க்கெட் வாசல் வரைக்கும் வண்டி பின்னாடியே வந்துச்சாம். அந்த ஒண்ணுக்குத்தான் இப்ப பால் குடுத்துக்கிட்டு இருக்கு."

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "நாளைக்கு நானும் வாரேன்" என்றேன்.

மறுநாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். வடகவுஞ்சி தாண்டும்வரை வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைக்குள் மிதப்பது போலப் போனோம். பிறகு திடீரென்று கீழே பழனி, வெயில், ஹார்ன் சத்தம்.

கடைக்குப் பின்னால் தேங்காய்மட்டைக் குவியல். அவர் பெட்டியை அங்கே வைத்துவிட்டு, "வெரசா ஏத்திட்டு வந்துர்றேன்" என்று லோடு ஏற்றப் போனார். நான் நாலடி தள்ளி உட்கார்ந்தேன்.

அது வந்தது. எலும்பும் தோலுமாக, காம்புகள் தொங்க. பெட்டிக்குள் தலையை விட்டதும் அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது. அந்தச் சத்தத்தை நான் எத்தனை நாள் முயன்றாலும் கொடுத்திருக்க முடியாது. ஒரு குட்டியைக் கவ்வி மட்டைக்குள் போனது. திரும்பி வந்து இரண்டாவதைக் கவ்விப் போனது.

புகைக்குட்டியைக் கடைசியாக ஒருமுறை முகர்ந்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். சத்தியமாக அப்படித்தான் எடுத்தேன். பிறகு அதை ஸ்வெட்டருக்குள் விட்டு, அந்த வெயிலில், கழுத்துவரை பட்டனைப் போட்டேன்.

தாய் வந்தது. காலிப் பெட்டியை முகர்ந்தது. சுற்றிவந்து கூப்பிட்டது. போனது. மறுபடி வந்து பெட்டிக்குள் இறங்கி மூலை மூலையாகப் பார்த்தது. மூன்றாம் தடவை நேராக என்னிடம் வந்து, முழங்காலருகே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. சீறவில்லை, பிறாண்டவில்லை. நான் கொடுத்த பாலில் வயிறு நிறைந்து, என் நெஞ்சோடு ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்த குட்டி அந்தக் கூப்பிடலுக்குப் பதில் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து அது எழுந்து போனது.

அவர் வந்தபோது குட்டியை வெளியே எடுத்து மடியில் வைத்திருந்தேன்.

"இதுக்கு வரலியா?"

"வரல" என்றேன்.

ஏறும் வழியில் மேகம் மறுபடி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. குட்டி விழித்துக் கத்தியது. ஃபில்லரை வைத்ததும் கண்ணை மூடிக் குடித்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை.

அவர் ஒரு கையால் என் தோளைத் தட்டினார். "அழுவாத புள்ள. வாயில்லா சீவன், அதுக்கு எண்ணத் தெரியல. தாயே வேணாம்னு விட்டுட்டுப் போனதுக்கு நீயாவது இருக்கியே."

நான் குட்டியின் வாயைத் துடைத்துவிட்டேன்.