கண்ணை மூடி உப்பு வாங்கியவர்

மரக்காணம் உப்பை இணையத்தில் பிரான்சுக்கு விற்கும் டோமினிக்குக்கு அங்குள்ள வியாபாரி எழுதியிருந்தார்: பார்வையில்லாதவர்களும் வாங்கும்படி ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் வேண்டும், ஐரோப்பிய விதி. தமிழில் தந்தால் போதும், மொழிபெயர்த்துக்கொள்கிறேன்; தராவிட்டால் உங்கள் கடையை என் தளத்திலிருந்து எடுத்துவிடுவேன். டோமினிக் ஒரே மூச்சில் முடித்துவிட்டான்.

“கண்ண மூடிக்கிட்டு சமையல் உப்பு வாங்குங்க, பார்ப்போம்,” என்று மனைவி சில்வியா, தொட்ட படத்தின் விளக்கத்தைப் படித்துச் சொல்லும் வசதியைப் போட்டு, கடைப் பக்கத்தோடு போனை நீட்டினாள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு படத்தைத் தொட்டான். “மாதா துணை,” என்றது போன். அடுத்ததும் “மாதா துணை.” எல்லாமே அப்படித்தான். குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினான்.

“கால் ஊற வைக்கிற உப்ப வாங்கிட்டீங்க. இன்னிக்கி கொழம்புல போடட்டுமா?”

“எத எழுதினாலும் மாதா பேர்லதானடி ஆரம்பிப்போம்.”

“ஆரம்பிச்சீங்க, சரி. அதுக்கு மேல ஒண்ணுமே எழுதலியே.”

டோமினிக் கண்ணைத் திறந்து முதல் படத்துக்கு எழுதத் தொடங்கினான்: “கல் உப்பு, வெள்ளை நிறம், சமையலுக்கு.”