முதலில் மரத்தைப் பார்

கரடியைச் சுட்டு அறுபத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தலையையும் தோலையும் பதிவு நிலையத்தில் காட்டியாக வேண்டும். அவர்கள் ஒரு சிறிய பல்லைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, தோலில் முத்திரை மாட்டி அனுப்புவார்கள். ஊரில் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்த விதி தெரியும். பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரைமோ லாக்சோ. இருபத்தாறு வருடமாக லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வேட்டை வகுப்பு எடுப்பவர்.

அவர்தான் இப்போது மூன்று மணி நேரம் மிச்சமிருக்க, பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து, காலணியைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏழு மணிக்கு மூடிடுவாங்க," என்றாள் ஐலி. முப்பத்து நான்கு வருடமாக அவர் மனைவி.

"தெரியும்."

"தெரிஞ்சா எழுந்திரு."

"காபி குடிச்சிட்டுப் போலாம்."

கோப்பையை அவர் எதிரே வைத்தாள். அவர் கை மேசைமேல் தவழ்ந்து போய் அதைத் தொட்டது. எப்போதிருந்து இப்படி எடுக்கிறார் என்று அவளுக்கு நினைவில்லை. வசந்தத்திலிருந்தா, போன குளிர்காலத்திலிருந்தா?

திங்கள் மாலை காட்டிலிருந்து அவர்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். விளக்கோடு வா என்றார். இரண்டு குண்டுகள் சுட்டிருந்தார். வழக்கமாக ஒன்றுதான். முதல் குண்டு கரடியின் தொடையில் பட்டிருந்தது. "நீ முன்னால போ," என்று அவளை ரத்தத் தடம் பார்க்கச் சொன்னார். முப்பது அடி தள்ளி ஃபர் மரத்தடியில் கரடி கிடந்தது. இழுத்து வரும்போது மேலே எங்கோ குழந்தை முனகுவது போல ஒரு சத்தம் கேட்டது.

"என்னது அது?"

"முள்ளம்பன்றி."

அந்தக் காட்டு முள்ளம்பன்றி மரம் ஏறும், அப்படி அழவும் அழும்தான். அவள் நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது.

கொட்டகையில் தோலுரிக்கும்போது அவள் விரல்கள் வெள்ளையாக நனைந்தன.

"பால்," என்றாள்.

அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

"ரைமோ, இதுக்குக் குட்டி இருக்கு."

"செப்டம்பர்ல சிலதுக்கு அப்படி இருக்கும்."

வகுப்பில் அவர் அப்படிச் சொன்னதில்லை. குட்டியுள்ள கரடியைச் சுடுவது குற்றம். ஆனால் பெண் கரடி தீனிக்குத் தனியாகத்தான் வரும். குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டு வரும். அதனால் கரடியைப் பார்க்காதே, முதலில் மரத்தைப் பார். பத்து நிமிடம் பார். கரடி திரும்பித் திரும்பி ஒரே பக்கம் பார்க்கிறதா என்று பார். சந்தேகம் இருந்தால் துப்பாக்கியை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சூப் குடி. இதுதான் அவர் பாடம். சூப் என்றதும் பையன்கள் சிரிப்பார்கள்.

அவள் அன்றிரவே காட்டிலாகாவைக் கூப்பிட எண்ணினாள். கூப்பிடவில்லை. காரணம் பால் அல்ல. மார்ச் மாதம் சௌனா என்ற நீராவிக் குளியலறையின் மரச்சுவர் வழியாக அவர் முணுமுணுப்பதைக் கேட்டிருந்தாள். ஜெபம் என்று நினைத்து நின்றாள். இ. எஃப், பி. டி, ஓ, இஸட். எல், பி, இ, டி. மறுநாள் பேருந்து ஓட்டுநர்களுக்கான மருத்துவச் சோதனை; சுவரில் எழுத்துப் பலகை மாட்டி வாசிக்கச் சொல்வார்கள். தேறிவிட்டார். அவள் புளூபெர்ரி பை செய்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

இப்போது அவள் தலையையும் தோலையும் வண்டியில் ஏற்றினாள். அவள்தான் ஓட்டினாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைச் சாய்த்து, எதையோ காதால் கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"ஸ்டேஷன்ல காலெப் கேட்டா நான் பேசிக்கிறேன்," என்றார்.

"என்ன பேசுவ?"

"குட்டிய பாத்துட்டுத்தான் சுட்டேன்னு."

"பாத்தியா?"

"அப்படிச் சொன்னா வேட்டை லைசென்ஸ் மட்டும்தான் போகும், ஐலி."

"வேற மாதிரி சொன்னா?"

"வேற மாதிரி சொல்ல ஒண்ணும் இல்ல." கொஞ்ச தூரம் போனபின் சொன்னார், "பஸ் போச்சுன்னா காப்பீடு போச்சு. உன் இன்சுலின வாங்கிப் பாரு, அப்ப தெரியும்."

இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

நிலையத்தின் முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. பக்கத்துப் பண்ணை ஆர்வோ தன் வண்டியில் சாய்ந்து, மாவுக்குள் இறைச்சி அடைத்த பாஸ்டி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா வாத்தியாரே, மூணு நாளா வீட்லயே வெச்சிருந்தியே, கரடிக்கு உன்ன விட மனசில்லையா?"

"உன்ன மாதிரி பல்லில்லாத கரடியா இது? வெளிய காட்டவே பயமா இருந்துச்சு," என்றார் ரைமோ. ஆர்வோ மேலே உதிர்ந்த மாவைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஐலி சிரிக்க முயன்றாள்.

காட்டிலாகா அதிகாரி காலெப் மாட்டிலா கையுறையோடு வெளியே வந்தான். எட்டாம் வகுப்பு வரை ரைமோவின் பேருந்தில் போனவன். பதினோரு வயதில் அவர் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தவன். இன்று அவன் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. கரடியின் உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்குப் பின்னாலிருந்த சின்னப் பல்லைப் பிடுங்கி உறையில் போட்டான். தோலை விரித்தான். காம்புகளைப் பார்த்தான். ஒன்றை அழுத்தினான். நிமிரவில்லை.

"மிஸ்டர் லாக்சோ, உள்ள வாங்க. நீங்களும் வாங்க, ஆண்ட்டி."

உள்ளே கதவைச் சாத்தினான்.

"குட்டிங்க இருந்துச்சா?"

"ரெண்டு," என்றார் ரைமோ, சுவரைப் பார்த்து. "மரத்துல. பாத்துட்டுத்தான் சுட்டேன்."

"பாத்துட்டா?"

"ஒம்பது வருஷம் காத்திருந்து கெடச்ச கரடி வேட்டைச் சீட்டு. விட மனசு வரல."

காலெப் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். பிறகு பேசும்போது குரல் சின்னப் பையனுடையதாக இருந்தது.

"திங்கக்கெழம ராத்திரி ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா, கூண்டு வெச்சிருப்போம். அம்மா விழுந்த எடத்தச் சுத்தியேதான் அதுங்க ரெண்டு நாள் நிக்கும். நீங்கதான சொல்லிக்கொடுத்தீங்க. இப்ப எங்க போயித் தேடறது?"

"எழுது. அபராதம் எவ்ளோன்னு எழுது."

"ஒண்ணு கெடச்சிடுச்சு," என்றான் காலெப். "நேத்து சாயங்காலம். சுரங்க ரோட்ல, நசுங்கி."

ஐலிக்கு நேற்று மாலை நினைவு வந்தது. பேருந்து சுரங்கச் சாலையில் ஏதோ கட்டைமேல் ஏறிவிட்டதாம், பிள்ளைகள் கத்தித் தீர்த்துவிட்டார்களாம் என்று ரைமோ வந்து சொன்னார். மாவைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க பொண்ணு நோரா இந்த வருஷந்தான் பள்ளிக்கூடம் போறா. உங்க பஸ்ல, உங்க பின்னாடி சீட்டு. ராத்திரி பூரா தூங்கல. குட்டி ரோட்டு நடுவுல நின்னுச்சாம். எல்லாரும் நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்துனாங்களாம். நீங்க பிரேக்குல கால் வெக்கவே இல்லையாம்."

ரைமோவின் தாடை அசைந்தது. அது கட்டை இல்லை என்று அவருக்கு இப்போதுதான் தெரிகிறது என்பதை ஐலி பார்த்தாள். ஒரு கணம் அவர் முகம் முழுக்கத் திறந்து கிடந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"கரடிதான," என்றார். "பஸ்ஸ திடீர்னு நிறுத்தினா பிள்ளைங்களுக்குத்தான் அடிபடும்."

காலெப் தாளை எழுதி முடித்து மேசைமேல் தள்ளினான். பேனாவை வைத்தான். ரைமோ பேனாவை எடுத்தார். எடுத்துக் காத்திருந்தார். வங்கியில், ஆஸ்பத்திரியில், தேவாலயத்தில், எங்கே கையெழுத்துப் போட்டாலும் ஐலி அந்த இடத்தில் விரல் வைப்பாள். இரண்டு வருடமாக. ஏன் என்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

அவள் விரல் பாதி தூரம் போயிற்று. நாளைக் காலை ஆறரை மணி. இருபத்திரண்டு பிள்ளைகள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வரிசையாக நிற்கும் சின்ன மருந்துக் குப்பிகள், அடுத்த மாதம் வரைக்கும். விரலை மடித்துக்கொண்டாள்.

ரைமோ பேனாவை மேசையின் வெறும் மரத்தில் வைத்துத் தன் பெயரை எழுதத் தொடங்கினார்.

காலெப் அதைக் கவனிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"உங்களுக்கு என்ன ஆச்சு, மிஸ்டர் லாக்சோ? நீங்க இப்படிப்பட்ட ஆளே இல்லையே. என்னதான் ஆச்சு?"

"ஐலி," என்றார் ரைமோ மெதுவாக. பெயரை மட்டும்.

அவள் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

"இவரு குட்டிங்கள பாக்கல, காலெப். மரத்தையும் பாக்கல, ரோட்டையும் பாக்கல," என்றாள். "இவருக்குக் கண்ணு தெரியாது."