எழுந்தால் ஏன் இருட்டுகிறது

ஆரம்ப சுகாதார நிலையக் கட்டிலில் படுத்திருந்தபோது பிரஷர் நூற்றுப் பதினாறு. எழுந்து நின்றதும் எண்பத்தெட்டு. நர்ஸ் ஏஞ்சல் மேரி கைப்பட்டையை அவிழ்க்காமல் பூமாலையின் முகத்தையே பார்த்தாள்.

"இப்ப எப்படி இருக்குக்கா?"

"கண்ணு இருட்டுது சிஸ்டர். வேலை செய்யிற கொட்டாயிலயும் இப்படித்தான். குந்தி உக்காந்து வெங்காயத் தாள் அறுக்கிற வரைக்கும் ஒண்ணுமில்ல. லாரி வந்து மூட்டை ஏத்த எந்திரிச்சாப் போதும், பூமியே நழுவுது."

போன வாரம் அப்படி எழுந்தவள் மூட்டை மேலேயே விழுந்துவிட்டாள். இன்னொரு தடவை விழுந்தால் வேலை கிடையாது என்று மேஸ்திரி ராசாங்கம் சொல்லிவிட்டார். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் வந்து குவியும் இந்த இரண்டு மாதத்தை விட்டால் அவளுக்கு வேறு வேலையும் இல்லை.

ஏஞ்சல் மேரி பூமாலையின் விரலைப் பிடித்து அவள் கழுத்தின் பக்கவாட்டிலேயே வைத்தாள். "துடிக்குதா? எந்திரிச்சா ரத்தம் காலுக்கு எறங்கிடும். இங்க இருக்கிற நரம்பு அதைக் கண்டுபிடிச்சி மூளைக்குச் சொல்லும். ஒடனே இதயம் வேகமா அடிக்கும், ரத்தக் குழாய் இறுகும். ரெண்டு மூச்சு விடுறதுக்குள்ள சரியாயிடும்."

"அட! நம்மளக் கேக்காமயே இம்புட்டு நடக்குதா?" பூமாலைக்கு விரலை எடுக்கவே மனமில்லை. "பின்ன எனக்கு மட்டும் ஏன் இருட்டுது? என் நரம்பு தூங்குதோ?"

"அது முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. ஒடம்புல தண்ணி கம்மின்னா குழாய் எவ்வளவு இறுகினாலும் போதாது. எவ்வளவு குடிக்கிறீங்க?"

"காலையில ஒரு சொம்பு. அப்பறம் வூட்டுக்கு வந்துதான்."

"இந்த வெயில்லயா? ஏன்க்கா?"

பூமாலை குரலைத் தாழ்த்தினாள். "குடிச்சா ஒதுங்கணுமே சிஸ்டர். சுத்தி மொட்டைக் காடு, ரோடு. கக்கூஸ் ஒண்ணு இருக்கு, அது மொதலாளிக்கு. பூட்டித்தான் கெடக்கும்."

ஏஞ்சல் மேரிக்குக் கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது? தன் பையிலிருந்து மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முழுசும் குடிச்சிரணும், சொல்லிட்டேன்."

மறுநாள் கொட்டாயில் பாட்டில் பூமாலையின் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு தடவை கையில் எடுத்தாள். கக்கூஸ் கதவுப் பூட்டைப் பார்த்துவிட்டு இரண்டு தடவையும் கீழே வைத்தாள். மூன்று மணிக்கு லாரி ஹாரன் அடித்தது. கழுத்தில் விரலை வைத்தபடியே மெல்ல எழுந்தாள். விரலடியில் துடிப்பு படபடவென்று ஓடியது. 'பாவம், என்னமா அடிக்குது' என்று நினைத்தது வரை அவளுக்கு ஞாபகம்.

கண் திறந்தபோது முகமெல்லாம் ஈரம். தலைமாட்டில் குந்தியிருந்த ராசாங்கம் அந்தப் பாட்டிலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் அவள் முகத்தில் ஊற்றினார்.

"நாளைக்கு வராத பூமாலை" என்றார்.

அவள் உதட்டில் பட்டதை நக்கிக்கொண்டாள். மீதித் தண்ணீர் வெங்காயச் சருகை நனைத்துக்கொண்டு பூட்டிய கதவுப் பக்கம் ஓடியது.