மௌஸ் இல்லாமல் ஒரு தேடல்

மருத்துவமனையின் பழைய பதிவுகள் பிரிவில் அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். மேல்மாடியிலிருந்து டாக்டர் போனில் நோயாளியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருப்பாள். பிறவியிலேயே வலக்கை விரல்கள் மடங்கிப்போனவை. பதினோரு வருடமாக இடக்கை ஒன்றே கீபோர்டில் பம்பரமாகச் சுழன்றது. அந்தப் பட்டப்பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்காதா பின்னே?

அந்தக் கர்வத்துக்கு வேட்டு வைக்க வந்தது புதிய தேடல் மென்பொருள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பெயரைத் தட்டினால் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் தேடல் கட்டத்திலிருந்து அந்த வரிசைக்கு இறங்க மௌஸால் கிளிக் செய்ய வேண்டும். தேதியைக் குறுக்க, ஒரு பட்டையை மௌஸால் பிடித்து இழுக்க வேண்டும். என்டர் விசையோ ஓரிடத்தில் கோப்பைத் திறந்தது, இன்னோரிடத்தில் வரிசையையே துடைத்துவிட்டு முதலிலிருந்து தேடியது. இருக்கிற ஒரு கை கீபோர்டுக்கும் மௌஸுக்கும் நடுவே அல்லாடியது. ஐந்து நொடி வேலை ஒரு நிமிடமானது.

மூன்றாம் நாள் கண்காணிப்பாளர் அவள் மேசைக்கு வந்தார்.

"உன்னைக் குறை சொல்லலம்மா. மேல இருந்து கம்ப்ளெயின்ட் வருது. திங்கட்கிழமையிலேர்ந்து வாசல்ல டோக்கன் குடுக்கிற வேலையைப் பாத்துக்கோ. உனக்கும் சிரமம் இருக்காது."

அந்தக் கரிசனம்தான் சுருக்கென்று தைத்தது. "வெள்ளிக்கிழமை அந்த மென்பொருள் செஞ்சவர் வர்றார்ல சார்? அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு நானே போறேன்," என்றாள்.

வடிவமைப்பாளர் ஐம்பதைத் தாண்டியவர். வந்ததும் எல்லோரையும் கூட்டி வைத்து, "எவ்வளவு ஈஸி பாத்தீங்களா? ஒரு கிளிக், அவ்வளவுதான்!" என்று மார்தட்டினார்.

மின்னல் எழுந்தாள். அவர் கணினியிலிருந்து மௌஸ் ஒயரை உருவித் தன் மேசையில் வைத்துவிட்டு, "இப்ப ஒரு கோப்பைத் திறந்து காட்டுங்க சார்," என்றாள்.

கண்காணிப்பாளருக்கு வியர்த்துவிட்டது. வடிவமைப்பாளர் சிரித்தபடியே உட்கார்ந்தார். அடுத்த இடத்துக்குத் தாவ டேப் விசையை அழுத்தினார். கர்சர் கட்டத்தைவிட்டு நகரவில்லை. அம்பு விசையை அழுத்தினார். எழுத்துகளுக்கு நடுவே உலாவிவிட்டு நின்றது. என்டரை அழுத்தியதும் வரிசையே காணாமல் போனது. தான் கட்டிய வீட்டிலேயே வழி தெரியாமல் முட்டிக்கொண்டார் மனுஷன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"இப்படி நாங்க சோதிச்சே பாக்கலம்மா. எங்க எல்லார் கையிலயும் மௌஸ் இருந்துது. யாருக்கும் தோணல."

"உங்களுக்குத் தோணாததுக்கு நான் ஏன் சார் வாசலுக்குப் போகணும்?"

அவர் நோட்டை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். மௌஸ் எட்டுகிற இடமெல்லாம் கீபோர்டும் எட்ட வேண்டும். ஒரு விசை எங்கே அழுத்தினாலும் ஒரே வேலையைத்தான் செய்ய வேண்டும்.

"அதுக்காக எங்க அண்ணனை அம்போன்னு விட்டுறாதீங்க," என்று பக்கத்து மேசைக்காரரையும் காட்டினாள். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவதே அவருக்குப் பெரும்பாடு. மௌஸ் இருந்தால்தான் கை ஓடும். "யார் எந்த வழியில வந்தாலும் வேலை நடக்கணும் சார்."

மூன்று வாரம் கழித்து இயக்குநர் முன்னிலையில் சோதனை நடந்தது. அதுவரை மாற்றல் உத்தரவு கண்காணிப்பாளரின் இழுப்பறையில் காத்திருந்தது. ஒரே நோயாளியின் கோப்பை மின்னலும் பக்கத்து மேசை அண்ணனும் தேட வேண்டும். மின்னலின் இடக்கை பாய்ந்தது. அம்பு விசை சொன்னபடி வரிசைக்கு இறங்கியது, தேதி குறுகியது, என்டர் கோப்பைத் திறந்தது. நான்கே நொடி! அண்ணனும் தன் மௌஸோடு எங்கும் தடுக்காமல் அதே கோப்புக்கு வந்து சேர்ந்தார். அறையே கைதட்டியது. கண்காணிப்பாளர் உத்தரவை நாலாகக் கிழித்துப் போட்டார். அவள் தலை பெருமையில் நிமிர்ந்தே இருந்தது.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். "ஒருத்தருக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்களே! உங்களுக்குப் பெரிய மனசு சார்."

வடிவமைப்பாளர் அவசரமாக மறுத்தார். "பெரிய மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாதி வேலையைச் செஞ்சுட்டு முழுசா முடிச்சதா நெனச்சிட்டிருந்தேன். நாம செஞ்ச பொருளை ஒருத்தரால பயன்படுத்த முடியலைன்னா, குறையை அவங்க கையில தேடக் கூடாது சார். நம்ம வேலையிலதான் தேடணும். இந்தம்மா சொல்லித்தான் எனக்கே இது உறைச்சுது."