ஏழு மணி சுவிட்ச்

பென் டிரைவிலிருந்து மென்பொருள் ஏறுவது மூன்றாம் முறையும் பாதியில், முப்பத்தேழு சதவீதத்தில் நின்றுவிட்டது. நீலப் பட்டை சற்று நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு திரை இருண்டது.

மர்சலின் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அந்த செட்-டாப் பெட்டிக்குள்தான் அவள் கணவர் பிரகாசத்தின் குரல் இருந்தது. ஈராண்டுகளுக்கு முன் சாந்தோம் கோவில் திருவிழாத் திருப்பலியை உள்ளூர் கேபிளில் நேரலையாகக் காட்டியபோது முதல் வாசகம் வாசித்தவர் அவர். முழங்கால் வலியால் வீட்டில் இருந்தவள் அதைப் பதிவு செய்துவைத்தாள். அவர் போய்ப் பதினோரு மாதம். கைப்பேசியில் படங்கள் உண்டு. குரல் வேறெங்கும் இல்லை.

ஏழு மணிக்கு அவர்கள் வீட்டில் ஜெபமாலை. கோவில் மணி கேட்டதும் பிரகாசம் எழுந்து, முதலில் பெட்டியின் சுவிட்சையும் பிறகு டிவியின் சுவிட்சையும் சுவரிலேயே அணைப்பார். ரிமோட்டில் அணைப்பது ஜெபத்துக்கு மரியாதையாகாது என்பது அவர் கொள்கை. அவருக்குப் பின் அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். போன வியாழன், மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறது, மின்சாரத்தை நிறுத்த வேண்டாம் என்று திரை கேட்டுக்கொண்டிருந்தபோதும், மணி அடித்ததும் பழக்கத்தில் அணைத்துவிட்டாள். அதற்குப் பின் பெட்டி கம்பெனிச் சின்னத்தைத் தாண்டவில்லை.

"கம்பெனில கேட்டா புதுப் பெட்டி குடுப்பான் டீச்சர்," என்றார் பெட்டியைச் சரிசெய்ய வீட்டுக்கு வந்திருந்த மெஹபூப் பாஷா; திருவல்லிக்கேணியில் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர்.

"பெட்டி யாருக்கு வேணும் பாய்? உள்ள இருக்கறதுதான் வேணும்."

"அதான் முழு ஃபைலைப் போடாம அப்டேட்ட மட்டும் ஏத்திக்கினு கீறேன். அத்தப் போட்டா டக்குனு ஏறும். ரெகார்டிங்கையும் தொடச்சிக்கினு பூடும்."

பென் டிரைவை மாற்றியாயிற்று. ஃபைலை மறுபடி இறக்கியாயிற்று. அடாப்டரையும் மாற்றியாயிற்று. பாஷா பெட்டியை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். பெட்டிக்கான முதல் சுவிட்சை விரலால் லேசாக அசைத்தார். உள்ளே பொறி சடசடத்தது.

"இன்னா டீச்சர், இத்த எத்தினி வருசமா தட்டிக்கினு கீறீங்க?"

"பதினெட்டு வருஷம். அவர்தான் தட்டுவார்."

"தேஞ்சி கீது. கரண்டு நடுநடுவுல கண்ணடிக்குது. பெட்டி மேல குத்தமே இல்ல. உங்க வூட்டுக்காரர் விரலு சாமானியப்பட்டது இல்ல."

அவள் சிரித்தாள். பல நாளாயிற்று அவள் சிரித்து.

பாஷா தன் பையிலிருந்த நீள ஒயரால் பெட்டியை மட்டும் ஃபிரிட்ஜின் இணைப்புக்கு மாற்றினார். பட்டை நகர்ந்தது. முப்பத்தேழு, முப்பத்தெட்டு. மர்சலினின் விரல்கள் தாமாகவே ஜெபமாலை மணிகளைத் தள்ளத் தொடங்கின. நூறு வந்தது. பெட்டி அணைந்து மீண்டும் எழுந்தது. பதிவுகளின் பட்டியலில் ஒரே ஒரு வரி, அதே தேதி.

பிரகாசம் வாசகமேடையில் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார், வாசித்தார்.

பாதியில் கோவில் மணி ஏழு அடித்தது. மர்சலின் எழுந்தாள். பழகிய கை சுவருக்குப் போய் முதல் சுவிட்சை அணைத்தது. பிரகாசம் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பெட்டி ஒயரு இங்க கீது," என்றார் பாஷா மெதுவாக.

அவள் விரல் இரண்டாவது சுவிட்சின், டிவியின் சுவிட்சின் மேல் நின்றது.

"ஆண்டவரின் அருள்வாக்கு," என்று முடித்தார் பிரகாசம்.

"இறைவா, உமக்கு நன்றி," என்று கோவிலில் சொல்வதுபோலவே பதில் சொன்னாள் அவள், சுவரைப் பார்த்தபடி. விரலை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை.