குகை வாசலில் ஓட்டுநர்

மலைப் பூங்காவின் நுழைவாயில்வரை பதினோரு வருடமாகப் பேருந்து ஓட்டியவர், ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. பயணிகளை இறக்கிவிட்டு வண்டியிலேயே ஒரு தூக்கம் போட்டுவிடுவார். ஊரையெல்லாம் கூட்டிப் போகிறவர் தன்னை மட்டும் விட்டுவிட்டதாக மனைவி குறைபட்டுக்கொண்டே இருந்ததில், ஒரு விடுமுறை நாளில் இருவரும் பயணிகளாக வந்து இறங்கினார்கள்.

காவலர் பையைத் துழாவி பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார். குகையில் வௌவால்கள் குட்டி போட்டிருப்பதால் சத்தம் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அருவிவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சாரலில் நனைந்து மனைவி சின்னப் பெண்ணாட்டம் சிரித்தாள். அங்கிருந்து படியேறிக் குகை வாசலுக்கு வந்ததும் ஓட்டுநரின் கால் நகர மறுத்தது.

செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தார். அது அறுந்திருக்கவில்லை. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கவும், வேறு வழியில்லாமல் உண்மையைக் கக்கினார். மூன்று வருடத்துக்கு முன் பணிமனை லிஃப்டில் இரண்டு மணி நேரம் சிக்கிக்கொண்டாராம். அதிலிருந்து அடைசலான இடம் என்றாலே மூச்சு முட்டுகிறதாம். உடம்புக்கு நல்லது என்று சொல்லி லிஃப்டை விட்டு மாடிப்படி ஏறியதெல்லாம் புளுகு. கொண்டை ஊசி வளைவுகளில் ஐம்பது பேரைச் சுமந்து போகிறவன் இதை வெளியே சொல்ல முடியுமா?

"மூணு வருஷமா எங்கிட்டகூட சொல்லலையே" என்றாள் அவள்.

நீயாவது பார்த்துவிட்டு வா என்று அவளை வற்புறுத்தி, வழிகாட்டியோடு உள்ளே அனுப்பினார். அரை மணி நேரம் கழித்து வந்தாள்.

"ஒண்ணும் பெருசா இல்லைங்க. வெறும் பாறைதான்."

முகம் விளக்கேற்றினாற்போல் இருந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"முதல் திருப்பம் எவ்வளவு தூரம்?"

"முப்பது அடி இருக்கும். அங்கேருந்து திரும்பிப் பார்த்தா வாசல் தெரியும்."

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். திருப்பத்தில், கூரையிலிருந்து வெள்ளைக் கற்கள் மெழுகு வழிந்ததுபோல் தொங்கின. அதற்கு அப்பால் இருட்டு. நெஞ்சு அடைத்தது.

"போதும்மா."

அவள் உடனே திரும்பினாள்.

வெளியே பாறையில் உட்கார்ந்து மூச்சு அடங்கியபின், திருப்பத்துக்கு அப்புறம் என்ன பார்த்தாய், ஒன்றுவிடாமல் சொல் என்றார். தாய் வௌவால் ஒன்று குட்டியைச் சிறகுக்குள் பொத்தி வைத்திருந்ததில் ஆரம்பித்தாள். பூங்கா மூடும் விசில் கேட்கும்வரை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.